கையில் புத்தகம், பையில் குரல்

கண் டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன். "புரை ஆரம்பிச்சிருக்காம். இன்னும் முத்தலையாம்" என்றேன். என் கணவர், "சரி, முத்துனா எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். கண்ணாடியை மாற்றத்தானே போகிறோம் என்று ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போயிருந்தேன். அதனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது என் கையில் இருந்தது.

சொல்லாமல் விட்ட பாதி இது. புரை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது. ஊசி போட்டு, இருப்பதை முடிந்தமட்டும் காப்பாற்றலாம். டாக்டர் சின்னப் பெண். "ஓரப் பார்வை போகாதும்மா. நடக்கலாம், சமைக்கலாம், பஸ்ஸுல போகலாம்" என்று ஒவ்வொன்றையும் ஆறுதலாக அடுக்கியவள், கடைசியில் போகிற போக்கில், "படிக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்" என்றாள்.

அந்தக் கஷ்டம் எப்படி இருக்கும் என்பது அதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஒரு எழுத்தை நேராகப் பார்த்தால் அந்த எழுத்து மறைந்துவிடும். அதற்குப் பக்கத்து எழுத்தைப் பார்த்தால் முதல் எழுத்து ஓரத்தில் மங்கலாக எட்டிப் பார்க்கும். பிடிக்கப் போனால் மறுபடியும் ஓடிவிடும். மனித முகங்களும் அப்படித்தான். எதிரே வருகிறவர்களைக் குரலை வைத்தும் சேலை நிறத்தை வைத்தும் கண்டுகொள்ளப் பழகியிருந்தேன்.

கண் போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். காப்பீட்டு அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகக் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். "கண்ணாடி கொண்டாரலம்மா, என்ன போட்டிருக்குன்னு நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க" என்று காகிதத்தை நீட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்துத் தெரியாதவர்கள் அதை மறைக்கச் சொல்லும் வார்த்தை அது. ஊருக்கே தெரிந்த பொய். அந்தப் பொய்யை நான் சொல்ல வேண்டிவந்த அன்றுதான் வெட்கம் என்னிடம் குடியேறியது.

விளாங்குடியில் எங்கள் தெருப் பெண்கள் சனிக்கிழமை மத்தியானம் மூலைவீட்டில் கூடுவோம். ஏழெட்டுப் பேர். ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கைவேலை பார்த்துக்கொண்டே கேட்பார்கள். ஒருத்தி பூண்டு உரிப்பாள், ஒருத்தி பூக்கட்டுவாள். செல்லூரில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பாள். மூலைவீட்டு அக்காதான் எங்களில் மூத்தவள். மேற்கே சோழவந்தான் பக்கம் தென்னையும் வயலும் உள்ள குடும்பம். வாய் பெரிது, மனமும் பெரிது. வாசிக்கிறவள் நான். ஓய்வு பெற்ற மறு மாதமே அந்த நாற்காலி எனக்கென்று ஆகிவிட்டது. கதையில் கிழவன் பேசினால் கிழவன் குரல், குழந்தை பேசினால் குழந்தைக் குரல். நான் ஊருக்குப் போயிருந்தால் அந்த வாரம் வாசிப்பே கிடையாது. அதில் எனக்கு எம்புட்டுப் பெருமை இருந்தது என்பது, அது கையைவிட்டுப் போகப்போகத்தான் தெரிந்தது.

அதுவரை தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிவந்தேன். டாக்டரைப் பார்த்த வாரம் சனிக்கிழமை, புத்தகத்தைக் கையில் வாங்கியதும், "ஏக்கா, கண்ணாடி கொண்டாரலயே" என்றேன். மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. "இது பழசு. புதுசு வீட்டுல இருக்கு" என்று சமாளித்தேன்.

"அதுக்கென்ன, இந்தா, என்னோடதப் போட்டுப் பாரு" என்று அக்கா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தன்னுடையதைக் கொடுத்தாள். இன்னொருத்தி வீட்டுக்கு ஓடிப் போய் மாமியார் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்ப்பது போல நடித்தேன் என்பதுதான் சரி. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "தலை வலிக்குதுக்கா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மாதம்தான் பூனாவிலிருந்து மகள் ஒரு டேப்லெட் அனுப்பிவைத்தாள். நான் சீரியல் பார்ப்பதற்கு. அவளுக்கும் என் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. "புத்தகம் படிக்க முடியுமா இதுல?" என்று மட்டும் கேட்டேன். "ஏம்மா, தாராளமா" என்றவள், தன் சிநேகிதி சேர்த்து வைத்திருந்த தமிழ்ப் புத்தகங்களை ஒரு மூட்டையாக அனுப்பினாள். எல்லாமே மின்னூல் என்றுதான் பெயர். திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சாதி.

முதலில் திறந்தது பிடிஎஃப். பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தது. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். எனக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினால் திரையில் ஒன்றரை வார்த்தை நின்றது. மிச்சத்தைப் படிக்க வலது பக்கம் தள்ள வேண்டும். வரி முடிந்ததும் இடது பக்கக் கோடிக்குத் திரும்பி, ஒரு வரி கீழே இறங்க வேண்டும். திரும்பி வருகிறபோது வரி தவறிவிடும். ஆட்டுரலில் குழவியைச் சுற்றுவது போலத் தள்ளித் தள்ளி ஒரு பக்கம் முடிப்பதற்குள் தோள்பட்டை நோவெடுத்தது. என்ன படித்தோம் என்பது மறந்தும் போனது.

அடுத்ததும் பிடிஎஃப்தான், ஆனால் படமில்லை, தட்டச்சு செய்தது. அப்பாடா என்று திறந்தால், தமிழே இல்லை. கம்ப்யூட்டர் தமிழுக்குப் புதிதாக இருந்த காலத்தில் ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அது இந்த டேப்பில் இல்லாததால் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வந்து விழுந்தன. மூன்றாவது ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கியது. அந்தக் கடையின் செயலியில் மட்டும்தான் திறக்கும். எழுத்து ஓரளவுக்குப் பெரிதாகும், அதற்கு மேல் மாட்டேன் என்றுவிடும்.

நான்காவதாக ஈபப் என்று ஒன்று. எழுத்தைப் பெரிதாக்கியதும் வரிகள் தாமாக மடிந்து கீழே இறங்கின. வலதுபக்கம் எதுவும் ஓடவில்லை. தோசை மாவு கல்லுக்குத் தக்கபடி பரவுகிற மாதிரி, கதை திரைக்குத் தக்கபடி பரவியது. பின்புறத்தைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினேன். திரைக்கு நாலைந்து வார்த்தை. பார்வையைச் சற்று மேலே வைத்தால் கீழே வார்த்தை தெரிந்தது. அன்று நாலைந்து மாதங்களுக்குப் பிறகு வரி தவறாமல் ஒரு முழுப் பத்தி படித்தேன். சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது கூடத் தெரியவில்லை.

ஆனால் அந்த வேகத்தில் தெருப் பெண்களுக்கு நடுவில் வாசிக்க முடியாது. ஒவ்வொரு வார்த்தையாக, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தால் என்ன நினைப்பார்கள்? நினைத்தாலே காது மடல் சுட்டது.

இதே ஈபப்பைத்தான் டேப் வாய்விட்டும் படிக்கும் என்று கொஞ்ச நாளில் கண்டுபிடித்தேன். ஒரு பெண் குரல். அழவும் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. ஆனால் உச்சரிப்பில் பழுதில்லை. படமாக இருக்கிற பிடிஎஃப்பைக் கொடுத்தால் ஊமையாகிவிடும். பழைய எழுத்துருவைக் கொடுத்தால் "ஜி, கமா, எஃப்" என்று உளறும். ஈபப் என்றால்தான் ஒழுங்காகப் படிக்கும். சனிக்கிழமைகளில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த பழைய நாவலும் அந்த மூட்டைக்குள் ஈபப்பாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் அன்று நினைத்தேன்.

டேப்போடு மகள் காதில் செருகும் ஒயரில்லாத சாதனம் ஒரு ஜோடியும் அனுப்பியிருந்தாள். அதில் ஒன்றை இடது காதில் செருகி, முடியை இழுத்து மூடிக்கொண்டேன். டேப் கைப்பைக்குள், கைப்பை மடியில். கையில் அச்சுப் புத்தகம். காதுக்குள் அந்தப் பெண் சொல்லச்சொல்ல, அரை வாக்கியம் பின்னால் நான் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் ஐயர் சொல்வதை மாப்பிள்ளை திருப்பிச் சொல்வாரே, அப்படி. என் கணவர் காய்கறி வாங்கப் போகும் நேரம் பார்த்து வீட்டில் பழகினேன். முதலில் நாக்கு முட்டியது. பத்து நாளில் கைவந்துவிட்டது. அந்தக் குரலில் இல்லாத அழுகையையும் ஆத்திரத்தையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

"கண்ணாடி சரியாயிருச்சு போல" என்றாள் மூலைவீட்டு அக்கா, நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்த சனிக்கிழமை. "சரியாயிருச்சுக்கா" என்றேன். வாசித்து முடித்ததும் செல்லூர்ப் பெண், "முன்னையவிட நிதானமா வாசிக்கிறீகக்கா. ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சுல இறங்குது" என்றாள். திருடின பொருளைக் கையில் வைத்திருக்கிறவளிடம், உனக்கு இது பொருத்தமாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஒரு வில்லங்கம் மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த ஈபப்பை யாரோ பிடிஎஃப்பிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். மாற்றும்போது பக்க எண்கள் வாக்கியங்களுக்கு நடுவில் புகுந்துகொண்டன. கண்ணால் படித்தால் தாண்டிப் போய்விடலாம். காதால் கேட்டுத் திருப்பிச் சொல்கிறவள் எங்கே தாண்டுவது? ஒரு சனிக்கிழமை, கதாநாயகி வண்டியைவிட்டு இறங்குகிற இடம். காதுக்குள், "அவள் வண்டியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு மெதுவாக இறங்கினாள்" என்று வந்தது. "அவள் வண்டியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு" என்பதுவரை சொல்லிவிட்டேன். நின்றால் மாட்டிக்கொள்வேன். "வயதுக் கிழவியைப் போல மெதுவாக இறங்கினாள்" என்று முடித்தேன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. "ஆத்தாடி, நூத்திப் பன்னெண்டு வயசுக் கெழவியாம்ல! என்னாமா எழுதியிருக்கான் மனுசன்" என்று அக்கா தொடையைத் தட்டினாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் "என்னா, நூத்திப் பன்னெண்டா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. இறந்துபோன ஒரு எழுத்தாளரின் வாயில் நான் வைத்த வாக்கியம் அது. எல்லாரும் சிரிக்கிறபோது நானும் கூடவே சிரித்தேன்.

இப்படியே ஐந்தாறு வாரம் ஓடியது. பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

மாட்டுச் சந்தை நடக்கிற அத்தியாயம். அன்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று காதுக்குள் "டுங்" என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. காதில் இருந்ததற்குச் சார்ஜ் தீர்ந்துபோய்விட்டது. நான் சொல்ல வேண்டிய அரை வாக்கியம் பாக்கி இருந்தது. அதைச் சொல்லி முடித்துவிட்டு வாயை மூடினேன். அடுத்த வாக்கியத்தை என் மடியிலிருந்த கைப்பை சொன்னது.

"தரகர் துண்டை விரித்துக் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்தார்" என்றது பை, கணீரென்று.

"யாரு போனு அது?" என்றாள் அக்கா.

பை நிறுத்தவில்லை. மாட்டின் பல்லைப் பற்றியும் சுழியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனது. செல்லூர்ப் பெண் கொக்கியை வைத்துவிட்டு, "அக்கா, இது நம்ம கதைல வாரதுல்ல?" என்றாள். அவள் குற்றமாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டாள். நான் பைக்குள் கையைவிட்டு டேப்பைத் துழாவினேன். நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்து அழுத்தியது சத்தத்தைக் கூட்டுகிற பொத்தான். தரகர் தெருவுக்கே கேட்கிற மாதிரி விலை பேச ஆரம்பித்தார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. "சிரிக்காதீங்கடி!" என்று அக்கா அதட்டினாள். சிரித்ததைவிட அந்த அதட்டல்தான் என்னைக் கூனிக்குறுக வைத்தது. சிரிக்கக் கூடாத இடத்துக்கு நான் வந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

செல்லூர்ப் பெண்தான் பையை வாங்கி டேப்பை அணைத்தாள். அக்கா என் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். "சந்தை வேற பக்கத்துலல்ல இருக்கு. நீ பிரிச்சு வச்சிருக்கிறது வேற பக்கமாவுல்ல இருக்கு" என்றவள், குரலைத் தாழ்த்தி, "ஏத்தா, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் "ஆமாக்கா" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை கூட இல்லை. சொல்லவில்லை. எழுந்து நின்றேன். "கண்ணு தெரியலேன்னு யாரு சொன்னா? ஏதோ பழகிப் பாத்தேன். இதுல ஒருத்திக்காச்சும் ஒழுங்கா ஒரு பக்கம் வாசிக்கத் தெரியுமா? வந்துட்டாக சிரிக்க" என்றேன்.

இப்போதும், குளிக்கும்போதோ அரிசி களையும்போதோ அந்த வாக்கியம் தானாக நினைவுக்கு வரும். கை அப்படியே நின்றுவிடும். பை பேசியதுகூடப் பரவாயில்லை. அந்த வாக்கியத்தை எந்த எந்திரமும் பேசவில்லை, நானே பேசினேன்.

வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளில் இரண்டைக் காலில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன். என் கணவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர், "யாரு செருப்பு இது?" என்றார்.

"என்னோடதுதான்."

"ரெண்டும் வேற வேறயா இருக்கே. ஒண்ணு கறுப்பு, இன்னொண்ணுல ஜிகினா போட்டிருக்கு."

குனிந்து பார்த்தேன். குனிந்து பார்த்தும் தெரியவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே டாக்டர் சொன்ன மற்றப் பாதியைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் டெப்போவில் வேலை பார்த்தவர், அதிகம் பேச மாட்டார். தன் முகத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, "நான் தெரியுறேனா?" என்று கேட்டார்.

"நேராப் பாத்தாத் தெரியல. ஓரத்துல தெரியுறீங்க."

"அதான் ஒரு வருசமா எம் மூஞ்சியப் பாக்காம செவத்தப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தியா?" என்றார். "நாள் முழுக்க வீட்டுலயே கெடக்கானேன்னு ஒனக்குச் சலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

என் வெட்கத்தை மறைக்கிற அவசரத்தில் இந்த மனிதர் ஒரு வருடமாக என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று நான் ஒரு தடவை கூட யோசிக்கவில்லை. சுவரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தால்தான் அவர் முகம் தெரியும். மூக்கு சிவந்திருந்தது.

மறுநாள் காலை செருப்பை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, என்னுடையதையும் ஒரு பை எலுமிச்சம்பழத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். "அக்கா என்ன சொன்னாக?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. பழம் ஊர்லருந்து வந்துச்சாம்" என்றார். ஊசி போட ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப்போனார். அந்தச் சின்ன டாக்டரிடம் நான் இத்தனை நாள் வராமல் இருந்ததற்கு என்னைவிட அவர்தான் அதிகம் திட்டு வாங்கினார்.

சனிக்கிழமைகளில் மட்டும் நான் வெளியே தலைகாட்டவில்லை. மூன்று மணி ஆனால் தெருவில் செருப்புச் சத்தம் மூலைவீட்டுப் பக்கம் போவது கேட்கும். ஜன்னலைச் சாத்திவிடுவேன். வீட்டில் டேப்பை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. கூடத்தில் வைத்தே படித்தேன், கண் களைத்தால் அதைப் படிக்கவிட்டுக் கேட்டேன். மகளிடமும் சொல்லியாகிவிட்டது. அவள் அழுதுவிட்டு, மூட்டையில் படமாக இருந்த புத்தகங்களில் சிலவற்றை எழுத்தாக மாற்றி அனுப்பப் பார்த்தாள். அதில் "கண்" என்பதெல்லாம் "கன்" என்றும், "மழை" என்பது "மமை" என்றும் வந்தது. நானும் என் கணவரும் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அது என்னவாக இருந்திருக்கும் என்று மல்லுக்கட்டுவோம். நாவல் என்றாலே தூரப் போகிறவர், இதற்காகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்.

ஒரு வேலைநாள் முற்பகல் மூலைவீட்டு அக்கா வந்தாள். குரலைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"நீ கேட்டது சரிதான்த்தா" என்றாள். "ஒருத்திக்கும் ஒழுங்கா வாசிக்கத் தெரியல. நாலு வாரமா அந்தக் கதையக் கொன்னு போட்டோம். அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கோபமாகச் சொல்கிறாளா, கேலியாகச் சொல்கிறாளா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "தப்பாப் பேசிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிப்புக் கேக்குறப்பவும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் கேப்பியா நீ?"

"இல்லக்கா. ஒங்களப் பாக்கத்தான் இங்கிட்டுத் திரும்புனேன்."

வீட்டு ஆட்களைத் தவிர வேறு ஒருவருக்கு நான் அதை விளக்கிச் சொன்னது அப்போதுதான். நடுவில் இல்லை, ஓரத்தில் மட்டும் இருக்கிறது என்று. அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப இங்கன வந்து நிக்கிறேன், இப்பப் பாரு" என்று நகர்ந்து போய்க் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால், நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுகொண்டாள். அவள் முகம் அப்படியே மறைந்துபோனது.

"இப்பத் தெரியலக்கா."

"அடக் கூத்தே" என்று மறுபடி பழைய இடத்துக்கு வந்தாள். நான் வெட்கத்தில் குனிந்து சிரித்தேன், அவள் சிரித்தாளா என்று பார்க்கவில்லை. "நீ பேசுனது எனக்குக் கோவந்தான். இல்லேங்கல" என்றாள். "அந்தச் செல்லூர்ப் பிள்ளை அன்னைக்கு ராத்திரி புருசன்ட்டச் சொல்லி அழுதிருக்கா, தனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு அக்கா சொல்லிட்டாகன்னு. அவகிட்ட நீதேன் பேசணும். நான் போறேன், அடுப்புல பருப்பு இருக்கு."

செல்லூர்ப் பெண் அழுதது எனக்குப் புதுச் செய்தி. என்னைக் காப்பாற்ற டேப்பை அணைத்தவள் அவள்தான். அவள் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மறுநாள்தான் போனேன். நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, "உள்ள வாங்கக்கா, படி இருக்கு, பாத்து" என்று கையைப் பிடித்தாள். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் போய், "ஒன்னியச் சொல்லலம்மா" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அதுவும் உண்மையில்லை. எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவளுக்கும் அது தெரியும். "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு மோர் கொடுத்தாள். அந்தப் பரவாயில்லையில் கொஞ்சம் பாக்கி இருந்தது. இருக்கட்டும் என்று குடித்துவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை டேப்பைப் பைக்குள் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். மூலைவீட்டில் பேச்சு நின்றது. நாற்காலியில் உட்காராமல் மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு வார்த்தை ஒரு விரல் உயரம். பக்கத்தில் இருக்கிறவள் தன் இடத்திலிருந்தே படித்துவிடலாம். மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, பார்வையை எழுத்துக்கு மேலே நிறுத்தி, வாசிக்கத் தொடங்கினேன். ஒரு வார்த்தை. நிறுத்தம். அடுத்த வார்த்தை. பழைய குரல் மாற்றமெல்லாம் வரவில்லை, வார்த்தையைப் பிடிக்கவே மூச்சு சரியாக இருந்தது. பக்க எண்கள் வந்தபோது தாண்டிக்கொண்டேன். எங்கோ ஒரு இடத்தில் வரி தவறிப்போய்ச் சொன்னதையே திரும்பச் சொன்னேன். யாரும் திருத்தவில்லை. உள்ளங்கை வேர்த்து டேப் வழுக்கியது. என் காது சூடாக இருப்பது அவர்களுக்கும் தெரியும் என்று தோன்றியது. முன்பு ஒரு அத்தியாயம் முடிக்கிற நேரத்தில் ஒரு பக்கம்தான் முடிந்தது.

"இம்புட்டுத்தான் முடியுதுக்கா" என்றேன்.

"போதும்த்தா" என்று அக்கா அச்சுப் புத்தகத்தை எடுத்துச் செல்லூர்ப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் தயங்கினாள், என் பக்கம் பார்த்திருப்பாள். பிறகு வாசித்தாள். "ஒப்பனை" என்பதை "ஓப்பனை" என்றாள். ஒருமுறை வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கிழவன் வந்தாலும் குழந்தை வந்தாலும் அவள் குரல் ஒன்றேதான். ஆனால் கதை நகர்ந்தது.

இப்போது இதுதான் ஏற்பாடு. வாரம் ஒரு பக்கம் என்னுடையது, மற்றது அவரவர் முறை. ஊசி தொடர்கிறது. எழுத்தின் அளவை போன மாதம் இன்னொரு படி கூட்டியிருக்கிறேன். அதற்கு மேல் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

வெட்கம் போய்விட்டதா என்றால், இல்லை. டேப்பைத் திறக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் வார்த்தைக்கு முன்னால் உடம்பு கூசத்தான் செய்கிறது. சென்ற வாரம், ஒத்தக்கடையிலிருந்து எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் வந்திருந்தாள். நான் வாசிக்கிறபோது, "ஏங்க, மூக்குல ஒட்டுற மாதிரி வச்சு வாசிக்கிறீங்க? கண்ணாடி கொண்டு வரலையா?" என்று கேட்டாள். பூண்டு உரிக்கிற சத்தம் நின்றது. அக்கா எனக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கண்ணாடி போட்டாலும் தெரியாதும்மா. கண்ணுல நடுப்பாகம் போயிருச்சு" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. "கொஞ்சம் பொறு, வரி தப்பிருச்சு" என்று திரையை மேலே தள்ளி, விட்ட வார்த்தையைத் தேட ஆரம்பித்தேன். அவர்கள் காத்திருந்தார்கள்.